வாயிலாகிய பாலம்: புரூக்ளின் வாஷிங்டன் வீதிக் காட்சி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நியூயோர்க் மாநகரத்தின் புரூக்ளின் பகுதியிலே, ஈஸ்ற் ஆற்றங்கரையை நோக்கிச் செல்லும் வாஷிங்டன் வீதி என்னும் சிறு வீதியொன்று உண்டு. இருமருங்கும் பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் நெடிதுயர்ந்து நிற்க, கருங்கல் பாவிய அவ்வீதியின் நடுவில் நின்று வடக்கே நோக்குபவருக்கு, மன்ஹற்றன் பாலத்தின் நீலநிற உருக்குக் கோபுரம் அக்கட்டடங்களுக்கிடையே அளவெடுத்து நிறுத்தியது போலத் தோன்றும். சற்றே இடம் மாறி நின்றால், கோபுரத்தின் கால்களுக்கிடையேயுள்ள வெளியில், ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள எம்பயர் ஸ்ரேற் கட்டடம் விரலளவினதாய்ப் பொருந்திக் காட்சி தரும். இதனைப் படம்பிடிப்பதற்காகவே உலகின் பல பாகங்களிலிருந்தும் உல்லாசப் பயணிகள் நாள்தோறும் அங்கு வந்து கூடுகின்றனர். மணக்கோலத்தில் வருவோரும் உளர். ஒருவர் விலக மற்றொருவர் அதே இடத்தில் நிற்கிறார். அதே கோணத்தில் கமரா உயர்கிறது. எண்ணற்ற தடவை எடுக்கப்பட்ட படம் மீண்டும் ஒருமுறை எடுக்கப்படுகிறது.

வீதி நடுவில் நின்று படம்பிடிக்கும் வழக்கம் விமர்சனத்துக்குரிய பொருளாகுமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆனால், விமர்சனம் காவியத்தையும் நாவலையும் மட்டுமே தன் எல்லையாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு நியாயமில்லை. ஒரு காட்சியைப் பெருந்தொகையான மக்கள் அழகென ஒருமுகமாக ஏற்பார்களாயின், அவ்வழகுணர்வு எவ்வாறு உருவாயிற்று, அது எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என வினவுவது விமர்சகனின் கடமைகளுள் ஒன்றாகும். இவ்விடயத்தில் இருவகை மனப்பாங்குகள் காணப்படுகின்றன. காட்சியை வியந்து, எங்கு நின்று எப்படிப் படம்பிடிக்க வேண்டுமெனக் கற்பிக்கும் வழிகாட்டி நூல்களின் மனப்பாங்கு ஒன்று. அங்கு கூடுவோரை மந்தையெனக் கருதி எள்ளிநகையாடும் அறிவாளரின் மனப்பாங்கு மற்றொன்று. இவ்விரண்டும் காட்சியை உற்றுநோக்காமலே தீர்ப்புக் கூறுவன.

முதலில் காட்சியின் அமைப்பை நோக்குவோம். அதன் உறுப்புகள் மூன்று: வீதி, பாலம், தொலைவிலுள்ள கட்டடம். இவற்றுள் மூத்தது வீதி. மன்ஹற்றன் பாலம் 1909ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் நாள் திறக்கப்பட்டது. எம்பயர் ஸ்ரேற் கட்டடம் 1931இல் நிறைவெய்தியது. எனவே 1931க்கு முன்னர் இக்காட்சி உலகில் இருக்கவேயில்லை. வீதியை அமைத்தோர் பாலத்தை அறியார். பாலத்தை அமைத்தோர் கட்டடத்தை அறியார். கட்டடத்தை எழுப்பியோர் ஆற்றின் மறுகரையிலுள்ள சிறு வீதியொன்றை எண்ணியிருக்க மாட்டார்கள். ஒருவரது திட்டத்திலும் இடம்பெறாத ஒழுங்கு இது.

ஆயினும், தற்செயலாக அமைந்தது அவ்வொழுங்கே அன்றி அதன் உறுப்புகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தேவையின் விளைவு. புரூக்ளின் 1898 வரை தனி நகரமாக இருந்தது. அவ்வாண்டிலேயே அது நியூயோர்க்குடன் இணைக்கப்பட்டது. இரு கரைகளுக்குமிடையே நாளாந்தம் சென்றுவரும் உழைக்கும் மக்களின் பெருக்கத்துக்கு 1883இல் திறக்கப்பட்ட புரூக்ளின் பாலம் போதவில்லை. அடுத்தடுத்துப் புதிய பாலங்கள் வேண்டப்பட்டன. மன்ஹற்றன் பாலத்தின் 448 மீற்றர் நீளமான நடுத்தொங்கலை நான்கு பெருவடங்கள் தாங்குகின்றன. வடத்துக்கு ஒன்றாகக் கோபுரத்தில் நான்கு உருக்குத் தூண்கள் உள்ளன. புரூக்ளின் பாலத்தின் கோபுரம் கல்லாலான பெருஞ்சுவர். இதுவோ ஊடே பார்க்கத்தக்க உருக்குச் சட்டம். லியோன் மொய்செய்ஃப் என்னும் பொறியியலாளர் கையாண்ட புதிய கணிப்பு முறையே பாலத்தை முன்னையவற்றினும் இலேசானதாக அமைக்க இடமளித்தது. இன்று கமராவுக்குச் சட்டகமாக அமையும் வெளி, பாரத்தைத் தாங்கும் தூண்களுக்கிடையே எஞ்சிய வெளியே. அழகெனக் காணப்படுவது உழைப்பும் கணிதமும் விட்டுச்சென்ற இடைவெளி என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, இப்பாலத்துக்கு அயலிலுள்ள மூத்த பாலத்தோடு இதனை ஒப்புநோக்குதல் பயன்தரும். புரூக்ளின் பாலம் கலைஞர்களின் பாலம். அது தோன்றுமுன்னரே, அவ்விடத்து ஆற்றைக் கடந்த படகுப் பயணத்தை வோல்ற் விற்மன் 1856இல் பாடினார். தமக்குப் பின்னர் அவ்வாற்றைக் கடக்கப்போகும் மக்களை விளித்துப் பேசுவது அக்கவிதையின் தனிச்சிறப்பு. 1925இல் அமெரிக்கா சென்ற மாயாகோவ்ஸ்கி அப்பாலத்தைப் பாடினார். அதன் உருக்கில் வருங்காலத்தைக் கண்ட அவர், வேலையற்றோர் அதிலிருந்து ஆற்றில் விழுந்து மாண்ட கொடுமையையும் சொல்லாது விடவில்லை. ஹார்ட் கிரேன் தமது நெடுங்கவிதையை 1930இல் வெளியிட்டபோது, அதன் பாரிஸ் பதிப்பில் வோக்கர் எவான்ஸ் எடுத்த பாலத்தின் ஒளிப்படங்கள் இடம்பெற்றன. இவர்கள் மூவரும் நோக்கால் வேறுபட்டவர்கள். எனினும், கடத்தல் என்னும் செயலே மூவருக்கும் கருவாயிற்று. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கும், ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கும், ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவரிடமும் செல்லுதலே அவர்களுக்குப் பாலத்தின் பொருள்.

மன்ஹற்றன் பாலத்துக்கு அத்தகைய பெருங்கவிஞர் எவரும் வாய்க்கவில்லை. அது புகையிரதங்களையும் வாகனங்களையும் சுமக்கும் வேலைக்காரப் பாலமாகவே கருதப்பட்டது. 1915 முதல் நகரின் சுரங்கப் புகையிரதங்கள் அதன்மீது ஓடத் தொடங்கின. தண்டவாளங்கள் பாலத்தின் வெளிப்புற ஓரங்களில் அமைக்கப்பட்டமையால், வண்டி செல்லுந்தோறும் தளம் ஒருபுறம் தாழ்ந்து முறுக்குண்டது. அதனால் நேர்ந்த சிதைவைச் சீர்செய்யும் பணிகள் 1982இல் தொடங்கி 2004 வரை நீண்டன. படத்தில் அசைவற்று நிற்கும் இப்பாலம், உண்மையில் ஒவ்வொரு வண்டிக்கும் அசைந்து கொடுத்தே நூறாண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது.

இங்கு ஒரு முரண்பாடு கவனத்துக்குரியது. கவிஞர்களால் கைவிடப்பட்ட இப்பாலம் ஒளிப்படத்தாற் புகழடைந்தது. ஆனால் அப்புகழைத் தந்த படத்தில் அது பாலமாக இல்லை. வாஷிங்டன் வீதியில் நிற்பவரின் கண்ணுக்கு ஆறு தெரிவதில்லை. கரைகளும் தெரிவதில்லை. பாலம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே செல்கிறது என்பதை அக்கோணத்திலிருந்து எவரும் உய்த்துணர முடியாது. கட்டடங்கள் அதன் இரு முனைகளையும் வெட்டிவிடுகின்றன. எஞ்சுவது ஒரு கோபுரம். அதற்குள் ஒரு வானளாவி. இணைப்பதற்கென எழுந்த ஒன்று, எதனையும் இணைக்காத வாயிலாக, செல்வமும் புகழும் கொண்ட ஒரு நகரத்துக்குத் தூரத்திலிருந்து பார்க்கும் அலங்கார வாயிலாக, மாறிவிடுகிறது. பாலத்தின் மிகப் புகழ்பெற்ற படம், அது பாலம் என்பதையே மறைக்கும் படமாக அமைந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

இம்மாற்றத்தைக் கமராவின் குற்றமெனக் கொள்ளுதல் பொருந்தாது. பெரெனிஸ் அபொற் என்னும் ஒளிப்படக் கலைஞர் 1930களில், பொருளாதார மந்தத்தின் நடுவே, அரசின் கலைத்திட்ட உதவியுடன் மாறிவரும் நியூயோர்க்கை ஆவணப்படுத்தினார். அவர் 1936இல் மன்ஹற்றன் பாலத்தையும் படம்பிடித்தார். அதே ஆண்டில் இவ்வட்டாரத்தின் வோட்டர் வீதியிலிருந்த ஒரு பண்டகசாலையையும் படம்பிடித்தார். பண்டகசாலை அவருக்குப் பாலத்தின் பக்கச்சட்டம் அன்று; பாலத்தைப் போலவே தனக்கென முகமுடைய ஒரு பொருள். 1939இல் நூலாக வெளிவந்த அத்தொகுப்பில் நகரம் இயங்கும் ஒன்றாக, கட்டப்பட்டும் இடிக்கப்பட்டும் வரும் ஒன்றாகக் காட்சியளிக்கிறது. ஆகவே, கமரா உழைப்பைக் காட்டவும் வல்லது, மறைக்கவும் வல்லது. எதனைச் செய்யும் என்பதை அதனைப் பிடித்திருக்கும் சமூகத்தின் பார்வையே தீர்மானிக்கிறது.

அப்பார்வை மாறியதற்கான காரணத்தை இவ்வட்டாரத்தின் வரலாற்றிலேயே காணலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இது ஒரு தொழிற்களமாக விளங்கியது. ரொபேட் கெயாரின் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைகள் இங்கு பல கட்டடங்களாகப் பரந்திருந்தன. அவர் பெயராலேயே இவ்விடம் கெயார்வில் எனவும் அழைக்கப்பட்டது. ஆர்பக்கிள் நிறுவனத்தின் கோப்பிக் களஞ்சியங்களும் இங்கிருந்தன. வீதிகளின் கருங்கற்களுக்கிடையே சரக்குவண்டித் தண்டவாளங்கள் ஓடின. அவ்விருப்புப்பாதை 1959இல் நின்றுபோயிற்று. தொழிற்சாலைகள் வெளியேறின. மலிந்த வாடகைக்கு விசாலமான மாடிகள் கிடைத்தமையால் ஓவியரும் சிற்பிகளும் குடிபுகுந்தனர். பாலத்தின் கீழ்ப்பகுதி எனப் பொருள்படும் சொற்றொடரின் முதலெழுத்துகளைக் கொண்டு டம்போ என்னும் பெயரை 1978இல் அவர்களே உருவாக்கினர். நகைப்புக்கிடமான அப்பெயர் ஆதனமுதலாளிகளை விலக்கிவைக்கும் என அவர்கள் நம்பியதாகச் சொல்லப்படுவதுண்டு. நடந்தது வேறு. 1980களின் தொடக்கத்திலேயே கட்டடங்கள் பெருந்தொகையாக ஒரு கைக்கு மாறின. 1990களின் இறுதியில் குடியிருப்புக்கான அனுமதி கிடைத்தது. 2007இல் வட்டாரம் வரலாற்றுப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பழைய கட்டடங்கள் இன்று விலையுயர்ந்த தொடர்மாடி வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் உள்ளன. பெயரிட்டவர்களுள் பலருக்கு அங்கு வாழ இயலாது போயிற்று. பெயர் மட்டும் விற்பனைக்குரிய பண்டமாய் எஞ்சியது.

இக்காலப் பகுதியிலேயே இவ்வீதியின் புகழ்பெற்ற திரைக்காட்சியும் தோன்றியது. செர்ஜியோ லியோனே இயக்கி 1984இல் வெளிவந்த ‘வன்ஸ் அப்பொன் எ ரைம் இன் அமெரிக்கா’ என்னும் படத்தில், ஏழைச் சிறுவர்கள் இவ்வீதியைக் கடக்க, பின்னால் மன்ஹற்றன் பாலம் ஓங்கி நிற்கிறது. அப்படத்தின் விளம்பரச் சித்திரமும் அக்காட்சியையே கொண்டது. கதையோ மறுகரையில், மன்ஹற்றனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் வாழ்ந்த யூதக் குடிகளைப் பற்றியது. ஒரு கரையின் வறுமையை நடிப்பதற்கு மறுகரையின் வெறுமை வாடகைக்குக் கொள்ளப்பட்டது எனலாம். வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் இவ்வீதி பாரவண்டிகளும் பொதிகளும் நிறைந்ததாகவே இருந்திருக்கும். நடுவீதியில் நின்று பாலத்தை இரசிக்க எவருக்கும் இடமிருந்திராது. வேலை வெளியேறிய பின்னரே காட்சி உள்ளே வந்தது. வரலாற்றுப் பகுதி என்னும் சட்டப் பாதுகாப்புக் கட்டடங்களின் முகங்களைக் காத்தது. அவற்றுள் நிகழ்ந்த வாழ்வைக் காப்பது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

தமிழ்ப் பொருளிலக்கண மரபு இதனை விளக்க நல்லதொரு கருவியைத் தருகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் உணவு, விலங்கு, பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். அவற்றின் நடுவே மலரும் மனித ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றும் ஒன்றோடொன்று இயைந்தபோதே திணை முழுமை பெறும். வாஷிங்டன் வீதிப் படத்தில் முதற்பொருள் உண்டு. நிலம் அப்படியே இருக்கிறது, மாலை ஒளியும் இருக்கிறது. கருப்பொருள் அகற்றப்பட்டுவிட்டது. அட்டைப்பெட்டி செய்தவரும் கோப்பி மூடை சுமந்தவரும் இல்லை. தலைக்குமேல் இரைந்து செல்லும் வண்டியின் ஒலியும் படத்தில் இல்லை. உரிப்பொருளோ அந்நிலத்திலிருந்து பிறவாதது. ‘இங்கு வந்தேன்’ என்னும் தன்னறிவிப்பே அது. எந்நிலத்துக்கும் பொருந்தும் உரிப்பொருள் எந்நிலத்துக்கும் உரியதாகாது என்பது தெளிவு.

மேலைத்தேய விமர்சகர்கள் இந்நிலையைப் பலவாறு ஆராய்ந்துள்ளனர். இயந்திரப் பிரதியாக்கத்தால் கலைப்பொருளின் தனித்துவ ஒளி மங்குகிறது என வோல்ற்றர் பெஞ்சமின் 1930களில் எழுதினார். இங்கோ நிலைமை தலைகீழாயுள்ளது. எவரும் பொருட்படுத்தாத வீதிக்குப் பிரதிகளே ஒளியை ஊட்டியுள்ளன. பிரதியைக் கண்டவர் மூலத்தைத் தரிசிக்க வருகிறார். 1977இல் ஒளிப்படம் பற்றி நூலெழுதிய சூசன் சொன்ராக், வேலையே வாழ்வெனப் பழகியோர் விடுமுறையிலும் ஒரு வேலையைச் செய்வதான ஆறுதலைக் கமராவிற் பெறுகின்றனர் எனச் சுட்டினார். 1985இல் வெளிவந்த டொன் டெலில்லோவின் ‘வைற் நொய்ஸ்’ நாவலில், அமெரிக்காவிலேயே மிக அதிகமாகப் படம்பிடிக்கப்பட்டதென அறிவிக்கப்படும் ஒரு களஞ்சியம் வருகிறது. அதனைக் காணச் செல்லும் பேராசிரியர்களுள் ஒருவர், அறிவிப்பைக் கண்டபின் களஞ்சியத்தை எவராலும் காண இயலாது என்கிறார். 2010இல் தோன்றிய இன்ஸ்ராகிராம் போன்ற சாதனங்கள் அக்கற்பனையை நாளாந்த நடைமுறையாக்கியுள்ளன.

டெலில்லோ தீட்டும் காட்சி கூர்மையானது. ஆயினும் அதனை இறுதி உண்மையாக ஏற்றல் தவறு. பேராசிரியர் தாம் நிற்கும் இடத்தை மறந்து பேசுகிறார். அவரும் அக்கூட்டத்தில் ஒருவரே. படம்பிடிப்போர் எதனையும் காண்பதில்லை என்னும் கூற்றில், மக்களின் களிப்பை அறியாமையெனத் தள்ளும் மேட்டிமை மறைந்துள்ளது. வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே அப்பயணத்தை மேற்கொள்ளக்கூடிய ஒரு தொழிலாளியை எண்ணுக. பிழைப்புத் தேடி வேற்றுநாடு சென்று, ஓய்வு கிடைத்த ஒரு நாளில் அவ்வீதியில் நின்று, தாம் நலமாயிருப்பதற்குச் சாட்சியாக அப்படத்தை ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பும் ஒருவரை எண்ணுக. எல்லோரும் அறிந்த காட்சியாக அது இருப்பதே அவருக்கு வேண்டும். அப்போதே தாய்க்கு அவர் நிற்குமிடம் விளங்கும். தாயின் கண்ணில் அப்படத்தின் மையம் பாலமும் அன்று, வானளாவியும் அன்று. முன்னே நிற்கும் பிள்ளையின் முகம். ஆயிரமாயிரம் பிரதிகளுள் ஒன்றாகிய அப்படம், அவ்விடத்தில் இரு கரைகளை இணைக்கும் வேலையைச் செய்துவிடுகிறது. இதனை உணராத விமர்சனம் தான் குறைகூறும் படத்தைவிடக் குறைவாகவே காண்கிறது.

எனவே கண்டனத்துக்குரியது படம்பிடித்தல் அன்று; அதனோடு பார்வை முடிந்துவிடுதலே. உல்லாசப் பயணத் தொழில் பயணிக்கு ஒரு புள்ளியையும் ஒரு கோணத்தையும் வழங்கி, அதற்கு அப்பாற் செல்லும் அவாவை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. எது அழகு என்பதை மட்டுமன்றி, எவ்வளவு பார்த்தாற் போதும் என்பதையும் அதுவே வகுக்கிறது. உண்மையான இழப்பு இங்கேதான் உள்ளது. பாலத்தைக் காண வந்தவர் பாலத்தைக் கடவாமலே திரும்புகிறார்.

அவ்வீதியிலிருந்து சிறிது தூரம் நடந்தால் பாலத்தின்மீது ஏறலாம். அதன் தெற்குப்புற நடைபாதை நெடுங்காலம் மூடப்பட்டிருந்து 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கு நடப்பவருக்கு அருகிலேயே புகையிரதம் விரையும். காலடியில் தளம் அதிரும். கீழே, புகழ்பெற்ற வீதி சாதாரணமானதொரு வீதியாகத் தெரியும். ஆறு முதன்முறையாகக் கண்ணிற்படும். வேலைக்குச் செல்வோரும் வேலை முடிந்து வருவோரும் எதிர்ப்படுவர். அவ்விடத்தில் எடுக்கப்படும் படம் ஒழுங்கற்றதாக இருக்கக்கூடும்; கம்பிவேலி குறுக்கிடும், அதிர்வினாற் படிமம் கலங்கும். ஆனால் அது பாலத்தின் படமாக இருக்கும்.

ஒரு கலைப்படைப்பையோ காட்சியையோ மதிப்பிடும்போது, அதில் என்ன உள்ளது என்பதோடு, அதில் இடம்பெறவே முடியாதது யாது என்னும் வினாவும் எழுப்பப்படல் வேண்டும். வாஷிங்டன் வீதிக் காட்சியில் இடம்பெற முடியாதவை ஆறும், மறுகரையும், கடந்துசெல்லும் மனிதருமாவர். இம்மூன்றும் இன்றிப் பாலம் இல்லை. வாயிலின் முன் நின்று மகிழ்வது மனித இயல்பு. அதனூடு சென்று அப்பாலுள்ளதை அறிய விழைவதும் மனித இயல்பே. முன்னையதை ஊக்கி, பின்னையதை மறக்கச் செய்யும் பண்பாட்டை இனங்கண்டு உணர்த்துவதே இன்றைய விமர்சனத்தின் பணியாகும்.